முக்கால் சென்டிமீட்டர்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பியூலா பைப்ஸ். பியூலா நான்தான்.
பதினொன்றரைக்கு வந்தவர் கையில்
கொம்பின் இரண்டு துண்டுகள்:
ஊதும் முனை, விரியும் வாய்.
நடுத்துண்டு பேச்சிப்பாறை பஸ்ஸில்
சீட்டுக்கடியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.
பெயர் பிஜு மாரார்.
திருவட்டாற்றில் ஐந்து மணிக்கு எழுந்தருளிப்பு.
"அக்கா, இதுக்கு ஏதாவது கப்ளிங் உண்டா?"

உலகத்தில் எதற்கும் கப்ளிங் உண்டு என்று நம்புவதால்தான்
இந்த வியாபாரத்தில் இருக்கிறேன்.
எழுபது சென்டிமீட்டர் பி.வி.சி. அறுத்து
அடுப்பில் காட்டி வளைத்து
டெஃப்லான் டேப் சுற்றித் திணித்தேன்.
பித்தளைக்கு நடுவே வெள்ளை,
பல் கட்டியது போல.

ஊதினார்.
எதிர் பேக்கரியில் பப்ஸ் கடித்தவர்
கடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.
போனில் மற்ற மூன்று கொம்புகளின் ஒலி இருந்தது.
அதோடு சேர்ந்து ஊத
ஒன்றையொன்று பிறாண்டின.
அரை ஸ்வரம் கீழே.

நீண்ட குழாய்க்குச் சுருதி இறங்கும்.
ஞாயிறுதோறும் சர்ச் பேண்டில் யூபோனியம் ஊதும் எனக்கு
இது தெரியும்.
ஆனால் என் கடைச் சரக்குக்கும் தெரியும் என்று
அன்றுதான் தெரிந்தது.

ஒரு விரல்கடை அறுத்தேன். ஊதினார்.
இன்னொன்று. ஊதினார்.
குழாய்க்குள் காற்று தண்ணீர்போல் ஓடுவதில்லை.
ஊதுவது கொஞ்சம் கசிந்து வெளியேறும்;
உள்ளே இருக்கும் காற்று
இருக்கிற இடத்திலேயே துடிக்கும்.
துடிக்க வைப்பது உதடு.

கொம்பில் துளை கிடையாது.
விரலுக்கு வேலையே இல்லை.
உதடு இறுகினால் சட்ஜம்,
இன்னும் இறுகினால் பஞ்சமம்,
அப்புறம் மேல் சட்ஜம், காந்தாரம்.
கீழ்ப்படிகள் தாண்டிக் குதிக்கும் தூரம்,
மேலே போகப்போக நெருக்கம்.
இடையில் உள்ளதைக் கேட்டால் குழாய் தராது.
ஏழாவது படி மட்டும் கோணல்,
ஆர்மோனியம் நிஷாதம் என்பதற்குச் சற்றுக் கீழே.
"அதில நிக்க மாட்டோம், தாண்டிப் போயிருவோம்" என்றார்.

அந்தக் கோணலை ஒருமுறை பிடிக்கச் சொல்லி
விரிந்த வாய்க்குள் என் கையை நுழைத்தேன்.
ஸ்வரம் வழுக்கி இறங்கியது.
தன் வாய்க்குள்ளேயே கைவிட்டது போல
பிஜு என்னைப் பார்த்தார்.

ஐந்தாவது வெட்டில் அதிகம் போய்விட்டது.
சுருதி இப்போது மேலே.
அறுத்ததை ஒட்ட முடியாது.
டேப்பை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி
மூட்டை மெல்ல வெளியே இழுத்தோம்.
நின்றது.
போனிலும் கடையிலும் ஒரே கொம்பு.

அவர் போனபின் யூபோனியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து
முதன்முறையாக ஒரு பிளம்பராகப் பார்த்தேன்.
இந்த வால்வுகள் எதையும் அடைப்பவை அல்ல.
குழித்துறைப் பாலத்தில் வேலை நடந்தபோது
பஸ்ஸைச் சுற்றிவிட்ட மாதிரி
காற்றை நீளமான வழியில் திருப்பிவிடுகின்றன.
யாரோ ஒரு காலத்தில்
பாட்டுக்கு ஒரு வளையம் மாட்டிக் கழற்றி
மாட்டிக் கழற்றி அலுத்துப்போய்
மூன்றை நிரந்தரமாகப் பற்றவைத்திருக்கிறார்கள்.
அவர்களும் ஏதாவது ஒன்றைத்
தொலைத்திருப்பார்களோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை கண்டக்டர்
நடுத்துண்டைக் கொண்டுவந்து தந்தார்.
டேப் வைத்து வளைவோடு அளந்தேன்:
ஐம்பத்தொன்பதரை.
நாங்கள் பாடுபட்டு நிறுத்தியது
அறுபதேகால்.
பித்தளை போகப்போக விரிகிறது,
என் பைப் கடைசிவரை ஒரே அகலம்.
அதனால் இருக்கலாம்.
அல்லது என் காது.

வெட்டிய ஐந்து வளையங்கள் கல்லாப்பெட்டியில் கிடக்கின்றன.
அரை ஸ்வரமும், கொஞ்சம் மேலேயும்.
பில்லில் அவற்றைச் சேர்க்கவில்லை.